நெஞ்சின் கோடும் ஐந்து வயர்களும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் எமது மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுவினர் எங்களிடம் கேட்டது "பெண்களும் இதய நோயும்" என்ற தலைப்பில் 20 நிமிடம். அதையும் சொல்லத்தான் போகிறோம். ஆனால் நேற்றுக் கண்காட்சியில் பௌதிக ஆய்வுகூட மேசையில் கிடந்த வயர்க்குவியலைப் பார்த்துப் பல பேர் "இது என்ன பிள்ளை, பழுதான றேடியோவோ?" என்று கேட்டார்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம். அந்தக் குவியலுக்கும் சொல்லவந்த தலைப்புக்கும் இடையில் தூரம் அதிகமில்லை.

"நாங்கள்" என்றால் மூன்று பேர். மூவரும் ஒரே வகுப்பு. ஒருத்தி வைத்தியர். ஒருத்தி மின்னியல் படித்து இப்போது மெல்பேணில் இருப்பவர். ஒருத்தி இதே பாடசாலைக்குப் பௌதிகவியல் ரீச்சராகத் திரும்பி வந்தவர். மேடையில் பேசுகிற குரல் வைத்தியருடையது. பேச்சு மூன்று பேருடையதும்.

மேசையில் இருப்பவை மூன்று பொருட்கள். முதலாவது, நெஞ்சின் மின்னை எடுக்கும் மூன்று மின்வாய்களும் அதைப் பெருப்பிக்கும் சிறு சுற்றும். இரண்டாவது, டி.எஸ்.பி. என்று சொல்லப்படுகிற சில்லு பொருத்திய பயிற்சிப் பலகை. மூன்றாவது, சிம் அட்டை போட்ட கைத்தொலைபேசி மொடெம். திரையும் இல்லை, பொத்தான்களும் இல்லை. தீப்பெட்டியளவு. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஐந்து வயர்கள் இணைக்கின்றன. ஆளின் இதயத்துடிப்பு இந்த மேசையில் கோடாகி, கோடு எண்களாகி, எண்கள் அந்த ஐந்து வயர்களால் மொடெமுக்குப் போய், அங்கிருந்து வானலையாக எங்கும் போகும். நேற்றுப் பதினொரு மணிக்கு ஒரு தங்கச்சியின் துடிப்பை மெல்பேணிலுள்ள கணினியொன்று வாங்கிக்கொண்டது.

இப்படி அனுப்புவது புதிதல்ல. ஈ.சீ.ஜி இயந்திரத்தின் வயதுதான் இதற்கும். ஒல்லாந்து நாட்டின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் என்பவர் இதயத்தின் மின்னை அளக்கும் கருவியைச் செய்தார். அது ஓர் அறையை அடைக்கிற பாரம். நோயாளியிடம் அதைக் கொண்டுபோக முடியாது. வைத்தியசாலையோ ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி. அவர் செய்தது, வைத்தியசாலையில் நோயாளியின் கைகளையும் காலையும் உப்புத் தண்ணீருக்குள் வைக்கச்சொல்லி, அங்கிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக அந்த மின்னைத் தன் ஆய்வுகூடத்துக்கு இழுத்ததுதான். அது 1905. அவருக்கு 1924 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, நோயாளி ஓரிடத்தில், கோட்டை வாசிப்பவர் வேறோரிடத்தில் என்ற ஏற்பாடு ஈ.சீ.ஜியுடன் கூடவே பிறந்தது.

எங்களுக்கு அது ஏன் முக்கியம் என்பதை வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே இருப்பவர்களில் பாதிப்பேரின் தாய் தகப்பன் சண்டிலிப்பாயிலோ மாசியப்பிட்டியிலோ மானிப்பாயிலோ பெரிய வீட்டில் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ. இரவு ஒரு மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சை அடைத்தால் அவர் முதலில் கூப்பிடுவது பக்கத்து வீட்டையல்ல, கனடாவிலிருக்கும் மகளை. மகள் அங்கிருந்து பக்கத்து வீட்டைக் கூப்பிடுவார். பல்லாயிரம் கிலோமீற்றர் சுற்றிப் படலையடிக்குச் செய்தி வருகிறது. சிரிக்கிறீர்கள், ஆனால் இது நடக்கிறது.

எங்கள் வகுப்புக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. 1993 இல் எங்களில் ஒருத்தியின் தகப்பனாருக்கு இரவு நெஞ்சுநோ. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, பெற்றோல் போத்தல் கணக்கில் விற்ற காலம். வாய்வு என்று சொல்லி இஞ்சி அவித்துக் கொடுத்தார்கள். உள்ளங்கை வேர்த்தபோது சைக்கிள் கரியரில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஒழுங்கைகளால் போனார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஈ.சீ.ஜி எடுக்க வழியில்லை. விடியுமுன் அவர் இல்லை. அன்று அவருக்கு 46 வயது. எங்களுக்கு இப்போது அந்த வயது.

வேறு எவரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 1990 இலிருந்து பல வருடம் குடாநாடு அப்படித்தான் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் றேடியோச் செய்தி கேட்டோம். மின்னோட்டத்தை ஊரிலுள்ள சிறுபிள்ளைகளெல்லாம் கையால் சுற்றிப் படித்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது எங்கள் பௌதிகக் கொப்பிகள் இங்கேயே கிடந்தன. கைத்தொலைபேசி இந்தப் பக்கம் வந்தது 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகுதான். அதுவரை மகனுடன் கதைப்பதற்குக் கொழும்புக்குப் பயணம் போனார்கள்.

சரி, மேசைக்கு வருவோம்.

இதயம் ஒரு தடவை துடிக்கும்போது தோலில் வந்து சேரும் அழுத்தம் ஒரு மில்லிவோல்ற்று அளவு. சுவரிலுள்ள பிளக்கில் இருப்பது 230 வோல்ற்று. அதாவது இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் மடங்கு பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சு முணுமுணுக்கிறது. எங்கள் உடம்போ நல்லதொரு அன்ரனா. வீட்டு வயரிங்கின் 50 ஹேர்ட்ஸ் மீடிறன் அதில் ஏறி ஈ.சீ.ஜிக் கோட்டை அரத்தின் பல் மாதிரி ஆக்கிவிடும். (1993 இல் சண்டிலிப்பாயில் ஈ.சீ.ஜி எடுத்திருந்தால் உலகத்திலேயே சுத்தமான கோடு கிடைத்திருக்கும். ஊரிலேயே கரண்ட் இல்லை.) இதோடு மூச்சு விடும்போது கோடு மேலும் கீழும் மிதக்கும். கை நடுங்கினால் தசையின் மின் கலக்கும்.

இந்தக் குப்பையை அரிப்பதுதான் டி.எஸ்.பி. சில்லின் வேலை. சைகையை விநாடிக்கு 500 தடவை அளந்து 500 எண்களாக்குவோம். ஒவ்வொரு எண்ணையும் முன்வந்த எண்களோடு சேர்த்து, ஒவ்வொன்றையும் ஒரு குறித்த அளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால், வேண்டாத மீடிறன் கழிந்துபோகும். பெருக்கு, கூட்டு, பெருக்கு, கூட்டு. அவ்வளவுதான். ஒடியல் மாவை அரிதட்டில் போடுவதுபோல. தட்டின் கண் எந்த அளவு என்பதை அந்தப் பெருக்கும் எண்கள் தீர்மானிக்கின்றன. சாதாரணக் கணினிச் சில்லுகள் பெருக்கலுக்குப் பல படி எடுத்த காலத்தில், ஒரே அடியில் பெருக்கிக் கூட்டுவதற்கென்றே இந்தச் சில்லுகளைச் செய்தார்கள். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் ரி.எம்.எஸ். 320 குடும்பம் 1980களின் தொடக்கத்தில் வந்து இன்றுவரை வாழ்கிறது. அதே நிறுவனம் 1978 இல் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லும் விளையாட்டுப் பெட்டியொன்றை விற்றது. பேச்சொலியைச் சில்லுக்குள் கணக்கால் உண்டாக்கியது அந்தப் பொம்மைதான்.

உண்மையைச் சொன்னால் இதயத்துக்கு இந்தச் சில்லு அதிகப்படி. இரண்டு அளவுகளுக்கு இடையில் இரண்டு மில்லிசெக்கன் நேரம் இருக்கிறது. விநாடிக்குப் பத்துக் கோடி அடி வைக்கும் சில்லு அந்த நேரத்துக்குள் இரண்டு இலட்சம் அடி வைத்துவிடும். எங்கள் அரிப்புக்குச் சில நூறு போதும். மிச்ச நேரம் அது சும்மா இருக்கும். ஆனால் ஆய்வுகூடத்துக்குப் பயிற்சிப் பலகைதான் நல்லது. சில்லின் ஒவ்வொரு காலும் வெளியே தெரியும், தொட்டுப் பார்க்கலாம், பிழை செய்து படிக்கலாம்.

அரிப்பதில்தான் எங்கள் மூவருக்கும் பெரிய சண்டை வந்தது. இரண்டு கிழமை வைபரில் நடந்த சண்டை.

மின்னியல்காரி அனுப்பிய கோடு அழகாக இருந்தது. மிதப்பு இல்லை, நடுக்கம் இல்லை, கோலம் போட்டமாதிரி. அவர் அரை ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் வெட்டியிருந்தார். பொறியியலில் அது நியாயம், மூச்சின் மிதப்பு அங்கேதான் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் தலைமாட்டில் இருக்கும் திரைகளும் அப்படித்தான் வெட்டும். துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் மாரடைப்பை நாங்கள் தேடுவது துடிப்பின் கூரான முனையில் அல்ல. முனை இறங்கி அடுத்த மேடு தொடங்குமுன் வரும் தட்டையான சிறு துண்டில். எஸ்.ரி. துண்டு என்பார்கள். இதயக் குழாய் முழுதாக அடைபட்டால் அந்தத் துண்டு மேலே எழும்பும். எவ்வளவு? வரைதாளில் ஒன்று, இரண்டு மில்லிமீற்றர். அது மிக மெதுவான, தாழ்ந்த மீடிறன் சைகை. அரை ஹேர்ட்ஸில் கத்தி வைத்தால் அந்தத் துண்டு சாயும். இல்லாத ஏற்றம் தெரியலாம், இருக்கிற ஏற்றம் மறையலாம். நோயறியும் ஈ.சீ.ஜிக்குக் கத்தியை 0.05 ஹேர்ட்ஸில் வைக்கவேண்டும், மேலே 150 ஹேர்ட்ஸ் வரை விடவேண்டும் என்று சொல்வதன் காரணம் அது.

"அழகான கோடு வேணுமோ, உண்மையான கோடு வேணுமோ?" என்று கேட்டோம். "இரண்டும் வேணும்" என்றார் அவர். கடைசியில் அவர்தான் வழியையும் கண்டார். பத்து விநாடிக் கோட்டை முதலில் முழுதாக நினைவகத்தில் எழுதுவது. பிறகு அதை முன்னிருந்து பின்னாக ஒரு தடவை, பின்னிருந்து முன்னாக ஒரு தடவை அரிப்பது. ஒரு பக்கம் சாய்ந்தது மற்றப் பக்கம் நிமிர்ந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் சைகையில் இதைச் செய்யமுடியாது. எழுதி முடிந்ததில்தான் செய்யலாம். அதோடு, அரிக்காத மூலக் கோட்டையும் கூடவே அனுப்புவது என்று முடிவானது. வாசிக்கிறவர் எதைப் பார்ப்பது என்று அவரே தீர்மானிக்கட்டும். இந்த முடிவில் எங்களுக்குப் பெருமை உண்டு. வைத்தியர்கள் இயந்திரம் வாங்கும்போது விலையைக் கேட்கிறார்கள், திரையின் அளவைக் கேட்கிறார்கள், எங்கே வெட்டுகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

இனி ஐந்து வயர்கள். ஒன்று பலகையின் வாயிலிருந்து மொடெமின் காதுக்கு. இரண்டாவது மொடெமின் வாயிலிருந்து பலகையின் காதுக்கு. வாயை வாயோடு கட்டினால் இருவரும் பேசுவார்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள். மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான நிலம். நான்காவதும் ஐந்தாவதும் "பொறு", "இனிச் சொல்லு" என்று ஒன்றுக்கொன்று கை காட்டுவதற்கு. பலர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றோடு நிற்பார்கள். சிறு செய்திக்கு அது போதும். ஆனால் மொடெம் வானலையில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கிற நேரத்தில் பலகை எண்களைக் கொட்டிக்கொண்டே இருந்தால், குடம் நிரம்பி வழிந்த தண்ணீர் மாதிரி, நடுவில் சில துடிப்புகள் இல்லாமல் போகும். கோடு ஒட்டிக்கொண்டு வரும். பார்ப்பவருக்கு இதயம் தவறித் துடித்தது போலத் தெரியும். இது சாதாரணத் தகவல் பிழையல்ல, பொய் நோய்.

வயரைப் பூட்டுமுன் பார்க்கவேண்டிய இன்னொன்று அழுத்தம். பலகை 3.3 வோல்ற்றில் பேசும். இப்போதைய மொடெம்கள் பல 1.8 வோல்ற்றில் பேசும். பழைய ஆர்.எஸ். 232 இணைப்பு என்றால் நேராயும் எதிராயும் பல வோல்ற்று ஆடும். நடுவில் அழுத்தத்தை மாற்றிக்கொடுக்கும் சிறு சில்லு இல்லாமல் நேரே பூட்டினால் ஒன்று கேளாது, அல்லது ஒன்று கருகும். தாளில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுப் பூட்டுங்கள், தங்கச்சிமாரே. அதிலே வெட்கம் ஒன்றுமில்லை.

மொடெமோடு பேசுகிற பாஷை வயதானது. டெனிஸ் ஹேய்ஸ் என்ற அமெரிக்கர் 1981 இல் தன் மொடெமுக்கு வகுத்தது. ஒவ்வொரு கட்டளையும் ஏ, ரி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். "கவனி" என்பதன் சுருக்கம். "ஏ.ரி." என்று மட்டும் அனுப்பினால் "ஓகே" என்று பதில் வரும். முதல் தடவை அந்த ஓகே வந்தபோது ஆய்வுகூடத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு வலையமைப்பில் பதிந்துவிட்டாயா என்று கேட்கலாம். அலை எவ்வளவு பலம் என்று கேட்கலாம். அதற்குப் பூச்சியத்திலிருந்து 31 வரை புள்ளி போடும். 99 என்று சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அல்ல, "எனக்குத் தெரியாது" என்று பொருள். எங்கள் ஆய்வுகூடத்தின் கற்சுவருக்குள் 9 வந்தது. கிணற்றடிக்குக் கொண்டுபோனால் 18.

மொடெமின் பசி வேறு. நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள், பழைய கைத்தொலைபேசியை றேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தால், மணி அடிக்கச் சற்று முன் "டிட்-டிடிட்-டிடிட்" என்று றேடியோ உறுமும். 2ஜி தொலைபேசி தொடர்ந்து பேசுவதில்லை. 4.6 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை, அரை மில்லிசெக்கனுக்குச் சற்று மேல் கத்திவிட்டு வாய் மூடும். விநாடிக்கு 217 கத்தல். ஒவ்வொரு கத்தலுக்கும் இரண்டு அம்பியர் வரை ஓட்டம் இழுக்கும். கணினியின் யூ.எஸ்.பி. வாய் பொதுவாகத் தருவது அரை அம்பியர். ஆகவே பலகையிலிருந்தே மொடெமுக்குச் சாப்பாடு போடப் பார்த்தால், அனுப்பத் தொடங்கிய கணமே அழுத்தம் விழுந்து மொடெம் அணைந்து மறுபடி எழும்பும். மொடெமுக்குத் தனி மின்கலமும், அதன் வாசலிலேயே பெரியதொரு கொள்ளளவியும் வேண்டும். கொள்ளளவி என்பது இங்கே முற்றத்துத் தண்ணீர்த் தொட்டி. குழாய் மெல்லியதானாலும் ஒரு வாளி உடனே கோலலாம். எங்கள் மொடெம் 4ஜியில் பேசக்கூடியது. ஆனால் அலை மெலிந்தால் 2ஜிக்கு இறங்கிக் கத்தும்.

அந்தக் கத்தல் நெஞ்சுக் கோட்டிலும் ஏறும். ஒரு மில்லிவோல்ற்றைக் காது கொடுத்துக் கேட்கும் விரியலாக்கிக்குப் பக்கத்தில் வானலைக் கோபுரத்தை நட்டுவைத்தது போல. கவசப் பெட்டி, வடிகட்டி என்று பல வழி உண்டு. நாங்கள் செய்தது எளிது: கோடு எடுக்கும் பத்து விநாடியும் மொடெமின் வாயைக் கட்டளையால் கட்டிவிடுவது. எடுத்தபின் அவிழ்ப்பது. கேட்கும்போது பேசாதே, பேசும்போது கேளாதே. இது எங்கள் பழைய வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார்.

எவ்வளவு அனுப்பவேண்டும்? எங்கள் மேசையில் ஒரு லீட்தான். பத்து விநாடிக்குப் பத்தாயிரம் பைற். வைத்தியசாலையில் எடுக்கும் 12 லீட் ஈ.சீ.ஜியில் எட்டைத்தான் அளப்பார்கள், மிச்சம் நான்கும் கணக்கில் வரும். அதற்கு 80,000 பைற். குறுஞ்செய்தியாக அனுப்பினால் 572 செய்தி. பழைய 9600 வேகத்தில் வயரைக் கடக்கவே ஒன்றரை நிமிடம், 115,200 வேகத்தில் ஏழு விநாடி. ஒரு கைத்தொலைபேசிப் படத்தைவிட இது சிறிது. இங்கேதான் வைத்தியராக ஒரு பக்கக் கதை சொல்லவேண்டும். இன்று இலங்கையிலும் இந்தியாவிலும் பல வைத்தியர்கள் ஈ.சீ.ஜித் தாளைக் கைத்தொலைபேசியால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பெரிய வைத்தியருக்கு அனுப்பிக் கேட்கிறார்கள். பல உயிர் அதனால் தப்பியிருக்கிறது. தாள் வளைந்தால், நிழல் விழுந்தால் அந்த ஒரு மில்லிமீற்றர் ஏமாற்றும். நோயாளியின் பெயரும் படத்தோடு போய்விடும். ஆனாலும், பலகையும் மொடெமும் வாங்கக் காசில்லாத இடத்தில் படம் எடுத்து அனுப்புங்கள் என்றுதான் சொல்வோம். பத்து நிமிடத்தில் போகிற படம், அடுத்த வருடம் வரப்போகும் நல்ல கருவியைவிட மேல்.

கோடு போவதால் உண்மையில் என்ன மாறுகிறது என்று அளந்து பார்த்தவர்கள் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த டொக்டர் தோமஸ் அலெக்சாண்டர், சென்னையைச் சேர்ந்த டொக்டர் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று தமிழ்நாட்டில் நடத்திய திட்டம். நான்கு பெரிய வைத்தியசாலைகளை நடுவில் வைத்து, 35 சிறிய வைத்தியசாலைகளை அவற்றோடு இணைத்தார்கள். சிறிய இடத்தில் எடுத்த ஈ.சீ.ஜி பெரிய இடத்துக்குப் போகும். அங்கிருந்து முடிவு வரும். அம்புலன்சும் அந்த முடிவோடு ஓடும். 2,420 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2017 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் திட்டத்துக்கு முன் நூற்றுக்கு 17.6. பின் 14.2. நூறு பேரில் மூன்று நான்கு பேர். சிறிய எண் போலத் தெரியும். அந்த மூன்று நான்கு பேரில் ஒருவர் 46 வயதுத் தகப்பனாக இருக்கலாம். வைத்தியசாலையில் இருக்கும்போது நேர்ந்த இறப்பில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். எங்களுக்கு அந்த அறிக்கையில் பிடித்தது அதுதான்.

அந்தத் திட்டத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் மொடெமைப் பற்றியதல்ல. மறுமுனையில் இரவு இரண்டு மணிக்கு ஒரு ஆள் விழித்திருந்து, கோட்டைப் பார்த்து, "மருந்தைப் போடு" என்றோ "அனுப்பு" என்றோ சொல்லவேண்டும். சொன்னதை எழுதிவைக்கவேண்டும். எங்கள் பெட்டியிலும் அதற்கு ஒரு சிறு ஏற்பாடு உண்டு. கணினி "வந்தது" என்று சொன்னால் பச்சை விளக்கு எரியாது. மறுமுனையில் ஒரு மனிதர் பார்த்து விசையை அழுத்தினால்தான் எரியும். நேற்று மெல்பேணில் அவரது மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து அழுத்தும்வரை இங்கே எல்லோரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் பக்கத்து நிலவரத்தை நினைத்துப் பாருங்கள். சண்டிலிப்பாயிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு வாகனத்தில் அரை மணிக்குள் போகலாம். 2018 இலிருந்து வடக்கிலும் 1990 அம்புலன்ஸ் ஓடுகிறது. நெடுந்தீவுக்காரருக்கு அப்படியல்ல. குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரப் படகு, பிறகு தரைவழி. கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து நேரத்தோடு போட்டால்தான் பலன். நோ தொடங்கி முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் போட்டால் மிச்சமாகும் தசை அதிகம், பன்னிரண்டு மணித்தியாலம் கடந்தால் பொதுவாகப் போடுவதே இல்லை. ஆக நெடுந்தீவில் இருக்கும் இளம் மருத்துவ உத்தியோகத்தருக்குத் தேவை படகுக்கு முன் ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு பதில். கடலைக் கோடு ஏழு விநாடியில் கடக்கும்.

கருவி வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்களுக்கு இது தெரியும். டெல்ஸ்ட்ரா நிறுவனம் 2016 டிசெம்பரில் 2ஜியை நிறுத்தியது. 2024 ஒக்டோபர் இறுதியில் அங்கே 3ஜியும் போயிற்று. அமெரிக்காவில் ஏ.ரி. அன்ட் ரி. 2017 தொடக்கத்தோடு 2ஜியை மூடிவிட்டது. கருவி நன்றாக இருக்கும், அது பேசும் பாஷையைக் கேட்க வானத்தில் ஆள் இருக்காது. முதியோர் கழுத்தில் மாட்டும் அவசர அழைப்பு மணிகள் பல இப்படி ஊமையாகின. வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய மொடெம் வைத்த கருவிகளைப் பெட்டி பெட்டியாக ஊர் வைத்தியசாலைகளுக்கு அனுப்பவேண்டாம். இங்கே எந்த அலை இருக்கிறது, இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மொடெம் கழற்றி மாற்றக்கூடியதா என்றும் பாருங்கள். எங்கள் ஐந்து வயர் இணைப்பின் ஒரே பெரிய நன்மை அதுதான். மொடெமை மாற்றலாம், பலகை அப்படியே இருக்கும்.

பிள்ளைகள் கேட்டார்கள், மொடெமுக்கும் டி.எஸ்.பிக்கும் நல்ல தமிழ் இல்லையா என்று. எங்கள் அடுத்த ஊர் மானிப்பாய். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், அங்கே வைத்தியம் படிப்பித்தார். "அங்காதிபாதம்", "இரண வைத்தியம்", "கெமிஸ்தம்" என்று தமிழில் பாடநூல்கள் கொண்டுவந்தார். மூன்றாவது பெயரைப் பாருங்கள், ஆங்கிலச் சொல்லையே தமிழ் வாய்க்கு வளைத்துக்கொண்டார். நாங்களும் மீடிறன், கொள்ளளவி, விரியலாக்கி என்று பாடத்தில் படித்தவற்றை அப்படியே வைத்திருக்கிறோம். மொடெமை மொடெம் என்றே விட்டிருக்கிறோம்.

இப்போது குழுவினர் கேட்ட தலைப்பு. சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் இதைச் சொல்ல நேரம் எடுக்கத் தேவையில்லை. பெண்களிலும் மாரடைப்புக்கு நெஞ்சுநோதான் முக்கிய அறிகுறி. ஆனால் எங்களில் பலருக்கு அதோடு, சிலவேளை அது இல்லாமலே, மூச்சு வாங்கும், தாடை உளையும், முதுகு நோகும், சத்தி வரும், காரணமில்லாமல் களைக்கும், குளிர்ந்து வேர்க்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு நோவே தெரியாமல் போகலாம். "சமைத்து முடித்துவிட்டுப் படுப்பம்" என்று இருக்கவேண்டாம். இஞ்சி அவிக்கவேண்டாம். 1990 ஐ அழையுங்கள். கனடாவுக்குப் பிறகு எடுக்கலாம். ஈ.சீ.ஜி எடுக்கச் சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டு "வேண்டாம்" என்று சொன்ன அம்மாமாரை நாங்கள் விடுதியில் பார்த்திருக்கிறோம். பெண் தாதியைக் கேளுங்கள், மறைப்பு இழுக்கச் சொல்லுங்கள், ஆனால் எடுக்கவிடுங்கள். முதல் ஈ.சீ.ஜி சரியாக இருந்தும் நோ தொடர்ந்தால் இன்னொன்று எடுக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

மேசையிலுள்ள பெட்டியைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அது நோயாளிக்குப் பூட்டும் கருவி அல்ல. ஒரு லீட்டில் மாரடைப்பைக் கண்டுபிடிக்கவும் முடியாது. மின்கலத்தில் மட்டும்தான் ஓடும். ஆள் பூட்டியிருக்கும்போது சுவர்ப் பிளக்கில் உள்ள எதனோடும் அதை இணைக்கக்கூடாது. மின்னேற்றும்போது ஆள் இருக்கக்கூடாது. ரீச்சர் இதைப் பெரிய எழுத்தில் எழுதி மூடியில் ஒட்டியிருக்கிறார். படிக்கிற பிள்ளைகளுக்காகச் செய்தது. இதில் கைவைத்த ஒருத்தி நாளைக்கு எங்கோ ஒரு வைத்தியசாலையில் "இந்த இயந்திரம் எங்கே வெட்டுகிறது?" என்று கேட்டால் எங்கள் செலவு திரும்பிவிட்டது.

பெட்டி பௌதிக ஆய்வுகூடத்தின் இரண்டாம் அலுமாரியில் இருக்கும், திறப்பு ரீச்சரிடம். சிம்முக்கு மாதாமாதம் காசு போடுவதை எங்கள் வகுப்பு ஏற்றிருக்கிறது. ஒட்டும் மின்வாய்கள் ஒரு தடவை பாவித்தால் முடிந்தது, ஆகவே அவை எப்போதும் தேவை. ஊருக்கு வருகிறவர்கள் பயணப் பெட்டியில் சொக்கிலேற்றுக்குப் பக்கத்தில் ஒரு பொதி கொண்டுவரலாம். காலாவதித் திகதியைப் பார்த்து வாங்குங்கள், காய்ந்துபோனால் ஒட்டாது. நல்லதொரு அலைவுகாட்டி பழையதானாலும் பரவாயில்லை. நாளை காலை எட்டு மணிக்கு ஆய்வுகூடம் திறந்திருக்கும். ஐந்து வயரையும் கழற்றி வைத்துவிட்டோம். பூட்டிப் பார்க்க விரும்பும் தங்கச்சிமார் வாருங்கள், அக்காமாரும் வரலாம். திருப்புளியும் தாளும் மேசையில் இருக்கும்.